பட்டாளத்துக் கடிதங்களை வாசிப்பது எப்படி?

போருக்குப் போய்த் திரும்பிய ஒரு சிப்பாயிடம் "அந்த நாட்டு ஜனங்க எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல ஜனங்கதான்" என்பார், இல்லாவிட்டால் "நம்ப முடியாது" என்பார். இரண்டும் பொய் இல்லை, ஆனால் இரண்டாலும் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நல்ல ஜனங்கள் என்று எந்த மாதத்தில் நினைத்தார், நம்ப முடியாது என்று எந்த மாதத்தில் நினைக்க ஆரம்பித்தார், நடுவில் என்ன நடந்தது, இதுதான் விஷயம். அது இப்போது அவர் சொல்லும் பதிலில் இருக்காது. அன்றைக்கு அவர் எழுதிய கடிதத்திலோ டைரியிலோ இருக்கும், அதுவும் மேலாக இருக்காது, தோண்ட வேண்டும்.

எப்படித் தோண்டுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் எல்லாம் இல்லை, முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைச் சில வருடங்களாக வாசித்துவருபவன், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் தப்பாகவே வாசித்தேன். பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்கிற வரிகளையெல்லாம் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஐம்பது அறுபது சேர்ந்ததும் "நம் ஆட்களுக்கு பிரான்ஸ் ரொம்பப் பிடித்துவிட்டது" என்று முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் அதே வரிகளைத் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் 1914 புகழ்ச்சியும் 1916 புகழ்ச்சியும் ஒன்றே இல்லை என்று உறைத்தது. முதலாவது ரயில் ஜன்னல் வழியே பார்த்தவர் எழுதியது. இரண்டாவது, அந்த ஊர்க் கிழவி வீட்டில் மூன்று மாதம் படுத்து எழுந்தவர் எழுதியது.

ஆகவே முதல் வேலை, புகழ்ச்சி, வசை இரண்டையும் சேகரிப்பதை நிறுத்துங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ஒரே ஒரு தொகுப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே கிடங்கள். பல போர்களை ஒரே சமயத்தில் தொட்டால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நான் பிரான்ஸ் கடிதங்களைச் சொல்வதற்குக் காரணம், அவை ஏராளம், தேதியோடு இருக்கின்றன, எழுதியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல விவசாயக் குடும்பத்து ஆட்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் என்ற பிரிவில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து அச்சிட்ட தொகுப்பும் உண்டு, அது போதும்.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1914 செப்டம்பர் 26-ல் லாகூர் டிவிஷனின் முதல் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபர் கடைசியிலேயே பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம் சண்டையில் தள்ளிவிட்டார்கள், பலரிடம் குளிருக்கான உடுப்புகூட அப்போது சரியாக இல்லை. 1915 மார்ச் 10-ல் நூவ் ஷாப்பெல் சண்டை, செப்டம்பரில் லோஸ் சண்டை. 1915 கடைசியில் காலாட்படையை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றினார்கள். குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தது. இந்தக் காலண்டரை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் "இங்கே சுகம்" என்று இருந்தால், அந்த வாரம் எழுதியவர் அகழியில் இருந்தாரா, பின்னால் கிராமத்தில் ஓய்வில் இருந்தாரா, ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று உடனே பார்க்க முடியும்.

தமிழ்க் கடிதம் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏமாந்துபோவீர்கள். ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் "வீரப் பரம்பரை" என்று ஒரு கணக்குப் போட்டு, மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லித் தென்னாட்டு ஆள்சேர்ப்பைக் குறைத்துவிட்டார்கள். பிரான்சுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர்கள், டோக்ராக்கள், கட்வாலிகள், கூர்க்காக்கள். அதனால் என்ன, மாடு, நிலம், மகள் கல்யாணம், பங்காளித் தகராறு என்று கடிதத்தில் ஓடும் கவலைகள் எல்லாம் நமக்கு அத்துப்படிதானே.

கடிதம் எத்தனை கை மாறியது

இதைத் தாண்டிவிட்டு வாசிக்காதீர்கள். சிப்பாய்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுதத் தெரியாது. படையில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரில் போய்ச் சேர்ந்ததும் அங்கேயும் ஒருவர் உரக்க வாசிப்பார், தெருவே கேட்கும். நடுவில் தணிக்கை. ஆங்கில ஆட்சிக்கு எதிரான துண்டறிக்கைகள் தபாலில் சிப்பாய்களை அடைகின்றன என்று பயந்து 1914 கடைசியில் தொடங்கிய ஏற்பாடு அது. ஹோவெல் என்ற அதிகாரியின் தலைமையில் பூலோன் நகரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதம் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனையையும் வாசிக்க எந்த ஆபீசாலும் முடியாது, ஒரு பகுதியைத்தான் பார்த்தார்கள், அதிலும் சுமார் நூறு கடிதங்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். இன்று நம் கையில் இருப்பது அந்த ஆங்கிலம். மூலக் கடிதங்கள் ஏதோ ஒரு கிராமத்துப் பரணில் கரையான் தின்று போயிருக்கும்.

ஆக, சிப்பாயின் வாய், எழுதுபவரின் கை, தணிக்கைக்காரரின் கண், மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் என்று நாலு வடிகட்டி. "இப்படி வடிகட்டினதில் உண்மை எங்கே இருக்கும்" என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். வடிகட்டி இருக்கிறது என்று சிப்பாய்க்கும் தெரியும், அதற்கு ஏற்றாற்போல எழுதினார். ஒரு கடிதத்தில் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று வருகிறது. கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். தணிக்கைக்காரருக்கும் அது புரிந்துதான் இருந்தது, அதனால்தான் அறிக்கையில் ஏறியது. இந்த மாதிரி சங்கேதம் பெரும்பாலும் சாவு எண்ணிக்கை, சம்பளம், ஊருக்குத் திரும்புவது, பெண்கள் பற்றி வரும். பிரெஞ்சுக் கிராமத்துக் கிழவியைப் பற்றி எழுத யாருக்கும் சங்கேதம் தேவைப்படவில்லை. ஆகவே ஜனங்களைப் பற்றிய வரிகள் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் நம்பத் தகுந்தவை என்பது என் கணக்கு. அரசரைப் புகழ்ந்து வரும் வரிகளை மட்டும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

கூரையும் சோறும்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தேதி, இடம், யாருக்கு எழுதினார், அன்று இரவு யாருடைய கூரையின் கீழ் படுத்தார், யார் சோறு போட்டார், அந்த ஜனங்களை என்ன சொல்லால் குறிப்பிட்டார். இவ்வளவுதான். "கருத்து" என்று ஒரு கட்டம் போடவே போடாதீர்கள், போட்டால் கண் அங்கேயேதான் போகும்.

இப்படி நிரப்பிக்கொண்டே வந்தால் சில மாதங்களில் ஒன்று தெரியும். மார்செய் இறங்கிய புதிதில் எழுதிய கடிதங்களில் ஜனங்கள் கும்பலாக வருகிறார்கள். பூ எறிகிறார்கள், கை தட்டுகிறார்கள், தேவலோகம், தேவதைகளின் தேசம். ஒரு முகம்கூடக் கிடையாது. குளிர்காலத்தில் அகழிக்குப் போனதும் ஜனங்கள் கடிதத்திலிருந்தே காணாமல் போகிறார்கள். இது போர் இல்லை, உலகத்தின் முடிவு என்று காயம்பட்ட ஒருவர் ஊருக்கு எழுதுகிறார். அந்த மாதங்களில் பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்வியே எழவில்லை. அந்த வெற்று மாதங்களையும் நோட்டில் வெற்றாகவே விடுங்கள், அதுவும் தகவல்தான்.

அதற்கப்புறம், ஓய்வுக்காகக் கிராமத்து வீடுகளில் தங்கவைக்க ஆரம்பித்த பிறகு, முதல்முறையாக ஒரு தனி ஆள் கடிதத்துக்குள் வருகிறார். 1916 ஜனவரியில் ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய் எழுதியதைப் பலமுறை படித்திருக்கிறேன். அவர்கள் தங்கியிருந்த வீட்டில் ஒரு கிழவி மட்டும்தான். மூன்று மகன்களும் போருக்குப் போய்விட்டார்கள்: ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் காயம்பட்டு ஆஸ்பத்திரியில், ஒருவன் அகழியில். அந்த அம்மாள் மூன்று மாதம் இவர்களுடைய துணியைத் துவைத்து, படுக்கை போட்டு, பூட்சுக்குப் பாலிஷ் போட்டு, காலையில் தட்டில் ரொட்டி, வெண்ணெய், பால், காப்பி வைத்திருக்கிறாள். செத்த மகனுக்காக அவள் அழுது இவர் பார்த்ததே இல்லை, ஆனால் இவர்கள் கிளம்பிய நாளில் தோளில் சாய்ந்து அழுதாளாம். வழிச்செலவுக்கு என்று ஐந்து பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் திணித்தாளாம்.

இந்தக் கடிதத்தில் "பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள்" என்ற வாக்கியத்தைத் தேடினால் நேரம்தான் வீண். பாலிஷ் போட்ட பூட்சைப் பாருங்கள். அடிமை நாட்டுச் சிப்பாய் ஒருவருக்கு வெள்ளைக்காரி பூட்ஸ் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். ஊரில் கலெக்டர் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றி நின்றவர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதை அவரும் விளக்கவில்லை, பட்டியலில் ஒரு சாமானாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மனசு மாறுகிற இடம் பெரும்பாலும் இப்படித்தான், பட்டியலுக்கு நடுவில் ஒளிந்திருக்கும்.

குதிரைப்படைக்காரர்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்ததால் அவர்களுடைய கடிதங்களில் மாற்றம் இன்னொரு படி போகிறது. விவசாயி கண்ணால் பார்க்கிறார்கள். பெண்கள் ஏர் ஓட்டுகிறார்கள், கடை நடத்துகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், புருஷன் அகழியில் இருக்கும்போது பண்ணை ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. அப்புறம் அந்தப் பார்வை சட்டென்று ஊர்ப்பக்கம் திரும்பும்: நம் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், படிப்பில்லாததால்தான் நாம் இப்படிக் கிடக்கிறோம் என்று வீட்டுக்கு எழுதுகிறார்கள். ஒன்று இரண்டு அல்ல, இப்படிப் பல கடிதங்கள். வேற்று ஜனங்களைப் பற்றிய பேச்சு தன் வீட்டைப் பற்றிய பேச்சாக மாறும் அந்த வரியைக் கண்டால் நோட்டில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். வேடிக்கை பார்க்கும் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

ஒரே ஊர், இரண்டு ஆஸ்பத்திரி

கூரைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று சந்தேகம் வரலாம். அதைச் சோதிக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. காயம்பட்ட இந்தியர்களை இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனையை ஆஸ்பத்திரியாக மாற்றி, சாதி மதம் பார்த்து ஒன்பது சமையற்கட்டு, இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனிக் குழாய் என்று அமர்க்களப்படுத்தி, படம் எடுத்துத் தபால் அட்டையாகவே அச்சடித்து விற்றார்கள். அங்கிருந்து போன கடிதங்களில் அந்த இடம் சொர்க்கம். அதே ஊரில் பழைய ஏழை விடுதிக் கட்டடத்தில் கிச்சனர் ஆஸ்பத்திரி. சுவர் மேல் முள்கம்பி, வெளியே போகத் தடை, ஊர்ப் பெண்களோடு பேசிவிடப் போகிறார்களே என்ற பயம். அங்கிருந்து போன கடிதங்களில் அது ஜெயில். அந்தக் கட்டுப்பாட்டின் மேல் இருந்த ஆத்திரம், ஒரு இந்திய உதவி மருத்துவர் தலைமை அதிகாரியைச் சுட முயன்றது வரை போனது.

இரண்டு இடத்துக்காரர்களுக்கும் சுவருக்கு வெளியே நடமாடிய ஜனங்கள் ஒரே ஜனங்கள்தான். ஆகவே "இங்கிலாந்துக்காரர்களைப் பற்றி இந்தியச் சிப்பாய்கள் என்ன நினைத்தார்கள்" என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்த வாசல் வழியாகப் பார்த்தவரைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

யாருக்கு எழுதினார்

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் மறந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு எழுதும்போது பயிர், மாடு, விலைவாசி. சிநேகிதனுக்கு எழுதும்போது பெண்களைப் பற்றி ஜம்பம், அதில் முக்கால்வாசி கற்பனை. மனைவிக்கு எழுதினால் அதை மாமனார் முன்னால் யாரோ வாசிப்பார்கள், ஆகவே ஒன்றுமே இருக்காது. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு எழுதிய கடிதம் கிடைத்தால் அதிர்ஷ்டம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் யாரும் தான் செய்த அட்டூழியத்தை எழுத மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடு எங்கே இருந்தது

பிரான்ஸ் கடிதங்களிலேயே ஊறிப்போனால் ஒரு ஆபத்து உண்டு. வேற்று ஜனங்களோடு பழகினால் பாசம் வந்துவிடும், நேரம் கொடுத்தால் போதும் என்று தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது. பிரான்சில் அது நடந்ததற்கு ஒரு பெரிய காரணம், எதிரி எங்கே இருக்கிறான் என்பதற்கு நிலத்தின் மேலேயே ஒரு கோடு இருந்தது. முள்கம்பிக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரன், இந்தப் பக்கம் இருக்கும் கிழவி நிச்சயமாக நம் ஆள். அவள் கொடுத்த காப்பியை யோசிக்காமல் குடிக்கலாம்.

அந்தக் கோடு இல்லாத இடத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது அமெரிக்கர்களின் வியட்நாம். சார்லி கம்பெனி என்ற அமெரிக்கப் படைப்பிரிவு 1967 டிசம்பரில் அங்கே போய் இறங்கியது. ஆரம்பத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த பையன்கள்தான். பிப்ரவரி கடைசியில் கண்ணிவெடி புதைத்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். எதிரியைக் கண்ணால் பார்க்காமலே ஆட்கள் காலை இழந்தார்கள், உயிரை இழந்தார்கள். வெடி எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரனுக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்ற எண்ணம் வேர்விட்டது. மார்ச் 14-ல் ஒரு சார்ஜெண்ட் மறைவெடியில் செத்தார். 16-ஆம் தேதி காலையில் மை லாய் கிராமத்தில் படுகொலை. அமெரிக்க ராணுவக் கணக்கில் 347 பேர், வியட்நாம் கணக்கில் 504 பேர், பெரும்பாலும் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். மிட்டாய்க்கும் இதற்கும் நடுவே நாலு மாதம்கூட இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஜாக்கிரதையாகப் பிரியுங்கள். மனசு எப்படி மாறியது என்று விளக்குவது வேறு, அதை நியாயப்படுத்துவது வேறு. அதே காலை, அதே ராணுவத்தின் ஹெலிகாப்டர் பைலட் ஹியூ தாம்சன் மேலேயிருந்து பார்த்தார். கீழேயிருந்து ஒரு குண்டும் திருப்பிச் சுடப்படவில்லை, விழுந்து கிடப்பவர்கள் ஊர் ஜனங்கள் என்பது புரிந்ததும், ஓடிக்கொண்டிருந்த ஜனங்களுக்கும் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவில் இயந்திரத்தை இறக்கினார். அவரும் அவருடைய குழுவிலிருந்த ஆண்ட்ரியோட்டா, கோல்பர்ன் இருவரும் சேர்ந்து சிலரைக் காப்பாற்றினார்கள், பிணங்கள் கிடந்த வாய்க்காலிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கினார்கள். அதற்கு ஒழுங்கான மரியாதை கிடைக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் அதே போரில், அதே நாட்டில்தான் இருந்தார் என்பதை நோட்டில் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் "சூழ்நிலை அப்படி" என்ற சால்ஜாப்பில் நாமும் போய் விழுந்துவிடுவோம்.

சொல் என்று ஒரு கட்டம் போடச் சொன்னேனே, அது இங்கேதான் உதவும். வியட்நாம் ஜனங்களை "கூக்" என்ற ஒரே இழிசொல்லால் அமெரிக்கச் சிப்பாய்கள் குறிப்பிட்டார்கள். எதிரிக்கும் அதே சொல், சோறு விற்கும் கிழவிக்கும் அதே சொல். இரண்டு பேருக்கும் ஒரே சொல் வந்துவிட்டால் அப்புறம் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. பிரான்ஸ் கடிதங்களில் இது தலைகீழாக நடக்கிறது: "இந்த நாட்டார்" என்று தொடங்கியவர்கள் "அந்த வீட்டு அம்மா" என்று வந்து நிற்கிறார்கள்.

கோடு இல்லாத இடத்தில் மனசு கல்லாகத்தான் வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை என்பதற்கு இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். சிசிர் சர்வாதிகாரி, வங்காள ஆம்புலன்ஸ் படையில் மெசபடோமியா போனவர். 1916 ஏப்ரல் 29-ல் கூட் நகரம் துருக்கியரிடம் சரணடைந்தபோது கைதியானார். டைரியைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பூட்சுக்குள் ஒளித்துக் காப்பாற்றி, அதை வைத்து 1950-களின் கடைசியில் வங்காளியில் புத்தகமாக வெளியிட்டார். பாலைவன நடையில் துருக்கியக் காவலர்களின் கொடுமையையும் பார்த்தார், ஆர்மீனியர்கள் அழிக்கப்பட்டதன் தடயங்களையும் பார்த்தார், அப்புறம் அலெப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது அதே துருக்கியச் சிப்பாய்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். நீ இந்துஸ்தானத்துக்காரன், நான் துருக்கிக்காரன், முன்னேபின்னே பழக்கம் இல்லை, எவனோ ஒருத்தன் ரெண்டு பேர் சொன்னதற்காக ராவோடு ராவாக எதிரியாகிவிட்டோமே என்கிற பேச்சு அதில் வருகிறது. கைதி என்பதால் அவரிடம் துப்பாக்கி இல்லை, சோறும் அவர்கள் கையில்தான் இருந்தது. நோட்டில் கூரை, சோறு இரண்டு கட்டத்திலும் "துருக்கி" என்று எழுத வேண்டியிருக்கும், எழுதிவிட்டு யோசியுங்கள்.

அச்சில் வந்த தேதியையும் கவனியுங்கள். அன்றன்று எழுதிய கடிதத்துக்கும் நாற்பது வருடம் கழித்து வெளிவந்த புத்தகத்துக்கும் வித்தியாசம் இருக்கும். பின்னால் எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். ஆரம்பத்திலேயே தனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல எழுதுவதற்குக் கை தானாகப் போகும்.

உயிரோடு இருப்பவரிடம் கேட்பது

கடிதமே இல்லை, ஆள்தான் இருக்கிறார் என்றால்? நம் ஊரில் இது அதிகம். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள், மதராஸ் ரெஜிமெண்ட் ஆட்களும் சேர்த்து. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. அந்த அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் செத்தார்கள். இரு தரப்புச் சண்டையில் சிக்கியவர்கள் என்பது இந்தியத் தரப்பின் வாதம், அங்கிருந்து பிழைத்தவர்கள் அதை ஏற்கவில்லை. 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கிளம்பியது, சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. மாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மூன்று மாதம். இந்தக் கதையில் பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும் சில சமயம் ஒரே மொழி பேசியவர்கள் என்பதுதான் நமக்குக் கஷ்டமான இடம்.

இப்படி ஒருவரிடம் பேசப் போனால், முதல் நாளே ஆஸ்பத்திரியைப் பற்றியோ புலிகளைப் பற்றியோ கேட்காதீர்கள். கேட்டால் ராணுவச் செய்திக்குறிப்பு வாசிப்பது போல ஒரு பதில் வரும், அதோடு கதவு மூடிவிடும். அவருடைய வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தால் ஒரு விதமாகவும், இல்லாவிட்டால் வேறு விதமாகவும் பேசுவார், ஆகவே இரண்டு தடவையாவது போங்கள். போனை எடுத்து நீட்டிப் பதிவு செய்யாதீர்கள், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். பெயரைப் போடுவதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் போடாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி, குளித்த இடத்தைப் பற்றி, படுத்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். "யாழ்ப்பாணத்து ஜனங்களைப் பத்தி என்னண்ணே நினைச்சீங்க" என்று நான் முதல்முறை கேட்டதற்கு "ஆர்டர் வந்தது, போனோம், ஆர்டர் வந்தது, வந்தோம்" என்று முடித்துவிட்டார். அடுத்த தடவை அங்கே குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். காம்புக்குப் பின்னால் ஒரு வீட்டில் கிணறு இருந்ததாம், தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குமாம், அந்த வீட்டு அம்மாவே இறைத்து ஊற்றுமாம்.

"ஆகஸ்ட்ல அந்த அம்மா சொம்பு நீட்டினா அப்படியே வாங்கிக் குடிச்சிருவோம், தம்பி. நவம்பர்லயும் அதே அம்மாதான், அதே கிணறுதான். ஆனா மொதல்ல நீ குடிச்சுக் காட்டுன்னு சொல்லுவோம்."

"அவங்க குடிச்சாங்களா?"

"குடிக்கும். குடிச்சிட்டு சொம்பைக் கழுவித்தான் குடுக்கும்."